குமுதா பெயருக்குப் பக்கத்தில் நாலு இன்ட்டு

பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியைகளுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பத்து வருஷ சர்வீஸில் பெருமையாகச் சொல்ல இரண்டு மூன்று விஷயங்கள் எனக்கும் உண்டு. இதை மறைத்துவிட்டு அவற்றை மட்டும் எழுதுவது சரியாகப் படவில்லை. எழுதுவது சரிதானா என்றும் நிச்சயமில்லை.

1. தட்டிகள்

எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்தபோது ஹெட்மாஸ்டர் சொன்னது ஒன்றுதான்.

"பாடம் கொஞ்சம் பின்தங்கினாலும் பரவாயில்லைம்மா. சத்தம் மட்டும் வெளியில கேக்கக் கூடாது."

அதில் நியாயம் இருந்தது. தாம்பரத்திலிருந்து திருநீர்மலை போகிற பாதையில் இருந்த எய்டட் ஸ்கூல் அது. ஒரே ஓட்டு ஹால். நடுவில் மூங்கில் தட்டிகளை நிறுத்தி நாலு வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். என் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் அடுத்த தட்டியில் செய்யுள் நின்றுவிடும். என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். பாதிப் பேரின் அப்பாக்கள் ரயில்வேயில், மீதிப் பேர் கல்குவாரியில்.

குழந்தைகளைப் பேச விட வேண்டும், கேள்வி கேட்க விட வேண்டும் என்று டிரெயினிங் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே டிரெயினிங் நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

டீச்சர் வெளியே போனால், எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம்தான், பிள்ளைகள் வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். லீடர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி, கீழே பெயர்களை எழுதுவாள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பிள்ளைகள் அதை இன்ட்டு என்பார்கள். ஒரு இன்ட்டுக்கு ஓர் அடி.

நான் அதோடு ஒரு விதியைச் சேர்த்தேன். என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். பேசினால் பேசியதுதான். கேட்கப் போனால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், அரை மணி நேரம் போய்விடும். அந்த விதி வந்த பிறகு வகுப்பு அடங்கிவிட்டது. சனிக்கிழமை மீட்டிங்கில் ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"மூணாவதுல ஆள் இருக்காங்களா இல்லையான்னே எனக்கு சந்தேகமா இருக்கு. கிளாஸுன்னா அப்படி இருக்கணும்."

2. இன்டர்வெல்

பிரசவ லீவு முடிந்து திரும்பியபோது என் குழந்தைக்கு மூன்று மாதம். புட்டிப் பாலைத் தொடவே மாட்டாள். இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனார் வீட்டில் அவளை விட்டுவிட்டு, பதினோரு மணி இன்டர்வெல்லில் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன்.

இன்டர்வெல் பத்து நிமிஷம். போக மூன்று, வர மூன்று. பால் குடிக்கிற குழந்தைக்கு மணி அடிப்பது தெரியாது. தினமும் கால் மணி நேரம் தாமதமாகத்தான் வந்தேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதற்கப்புறம் போனால் மீறிப் போனதாக ஆகிவிடுமே. கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். இப்போது நினைத்து என்ன செய்வது.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

3. அன்றைக்கு

குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு இரவுகளாக எனக்குத் தூக்கமில்லை. நாத்தனார் வீட்டில் சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பதினொன்றரை தாண்டியிருந்தது.

"ஏன் எழுப்பல?" என்றேன்.

"பாவம், அசந்து தூங்கறீங்களேன்னு விட்டுட்டேன் அண்ணி" என்றாள் நாத்தனார். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஓடினேன். ஹாலை நெருங்கும்போது காதைத் தீட்டிக் கேட்டேன். என் வகுப்புப் பக்கம் சத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே பிள்ளைகள் வாயில் விரலோடு உட்கார்ந்திருந்தார்கள். லீடர் சுகந்தி சாக்பீஸோடு பலகை ஓரத்தில் நின்றாள். பலகையில் ஒரே ஒரு பெயர். குமுதா. பக்கத்தில் நாலு இன்ட்டு.

குமுதா குவாரித் தொழிலாளியின் மகள். எட்டு வயது. அதுவரை பட்டியலில் அவள் பெயர் வந்ததே இல்லை. நான் அதை யோசித்திருக்கலாம். யோசிக்கிற நிலையில் நான் இல்லை. தாமதமாக வந்த பயம், ஓடி வந்த களைப்பு, எல்லாம் சேர்ந்து கை தானாகப் பிரம்பை எடுத்தது.

"நாலு தடவையா? எழுந்து வா. கையை நீட்டு."

அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் வந்தாள். கையை நீட்டினாள். ஓர் அடி கொடுத்தேன். அவள் அழவும் இல்லை, கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். ஜில்லென்று ஈரமாக இருந்தன. வாயோரத்தில் எச்சில் வழிந்தது.

"என்னடி உனக்கு?"

பதில் சொன்னது சுகந்திதான். "அவளத் தேள் கொட்டிடுச்சு டீச்சர்."

"எப்போ?"

"இன்டர்வெல் முடிஞ்சு உக்காந்தவுடனே டீச்சர். தேளு தேளுன்னா. பேர் எழுதுனேன். கால் எரியுதுன்னா. ஒரு இன்ட்டு போட்டேன். டீச்சரக் கூப்புடுன்னா, அதுக்கு ஒண்ணு. அப்புறம் ரெண்டு தடவை அம்மா அம்மான்னா."

"பக்கத்து கிளாஸ்ல போய் சொல்லக் கூடாதா?"

சுகந்தி என்னைக் குழப்பத்தோடு பார்த்தாள். "நான் போய்ட்டா பேரு யாரு டீச்சர் எழுதறது?"

தேளையும் பிடித்து வைத்திருந்தார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் அதைச் சிலேட்டால் மூடி ஒரு கையால் அழுத்திக்கொண்டிருந்தான். இன்னொரு கை விரல் அவன் வாய்மேல் இருந்தது. அரை மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

4. பதில் பாடம்

குமுதா பிழைத்துவிட்டாள். சைக்கிள் ரிக்‌ஷாவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். "இன்னும் கால் மணி விட்டிருந்தா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அவர் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னேன், எப்போது கொட்டியது என்பதைத் தவிர.

அன்று மாலை ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அப்ரூவல் பேப்பர் இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல இருக்கு. இந்த நேரத்துல டீச்சர் கிளாஸ்ல இல்லைன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா உங்க வேலையும் நிக்காது, ஸ்கூல் பேரும் நிக்காது."

எய்டட் பள்ளியில் இன்ஸ்பெக்டர் ஆபீஸின் அப்ரூவல் வந்தால்தான் வேலை நிரந்தரம்.

"சார், நான் வந்து…" என்று ஆரம்பித்தேன்.

"எங்க போனீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லது. பசங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் என் வகுப்புக்கு வந்தார்.

"நேத்து தேள் கொட்டினப்போ டீச்சர் எங்க இருந்தாங்க?"

அவரே பதிலும் சொன்னார்.

"கிளாஸ்ல இருந்தாங்க. எங்க, எல்லாரும் சொல்லுங்க."

"கிளாஸ்ல இருந்தாங்க சார்."

"இன்னொரு தடவை."

வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொன்னார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "பசங்க நாலு நாள்ல மறந்துடும். பெரியவர் சொல்றபடி இருந்துட்டுப் போயேன்" என்றார். அவர் சொன்னதும் அக்கறையோடுதான். நானும் சரி என்றேன்.

5. குமுதாவின் அப்பா

நாலாம் நாள் குமுதாவின் அப்பா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார். தோளில் துண்டு, கையில் தூக்குச் சட்டி.

"சண்டை போட வர்ல சார்" என்றார் ஹெட்மாஸ்டரிடம். "இன்னா நடந்துதுன்னு கேட்டுக்கினு பூடலாம்னு வந்தேன். தேளு கொட்டசொல்ல டீச்சரே இல்லன்னுது இது. அப்பால வந்து அடிச்சாங்கோன்னுது. ஆஸ்பத்திரில அத்தினி பேர் கைலயும் சொல்லிக்கினு கீது."

"பிள்ளைங்களையே கேட்டுருங்களேன்" என்று ஹெட்மாஸ்டர் அவரை என் வகுப்புக்கு அழைத்து வந்தார். "டீச்சர் எங்க இருந்தாங்க?"

"கிளாஸ்ல இருந்தாங்க சார்." ஒரே குரல்.

அவர் மகளைப் பார்த்தார். "கேட்டுக்கினியா? நாப்பது புள்ளைங்க ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்றியே. எது நெசம்?"

குமுதா வகுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இருந்தாங்கப்பா" என்றாள்.

"அடிச்சாங்கோன்னியே?"

"இல்லப்பா."

"அப்ப படிச்சுக் குடுக்கற டீச்சர் மேலயே பொய் சொல்லிக்கினு திரிஞ்சியா?" என்று சொல்லிக்கொண்டே அவள் முதுகில் ஓர் அறை வைத்தார்.

நான் முன்பே பேசியிருக்கலாம். நாற்பது பேரும் சொல்லும்போது பேசியிருக்கலாம், அவள் என்னைப் பார்த்தபோது பேசியிருக்கலாம். அந்த அறை விழுந்த பிறகுதான் பேசினேன்.

"அடிக்காதீங்க. அவ வீட்ல சொன்னதுதான் உண்மை. நான் இங்க இல்லை. வந்து அடிச்சதும் உண்மை. தேள் கொட்டினது தெரியாம அடிச்சேன்."

ஹெட்மாஸ்டர், "டீச்சர்" என்றார் மெதுவாக.

குமுதாவின் அப்பா மறுபடி ஓங்கின கையைக் கீழே விட்டார். "எங்க போயிருந்தீங்கோ?"

"கைக்குழந்தை இருக்கு. பால் கொடுக்கப் போனேன். அங்கேயே தூங்கிட்டேன்."

"எத்தினி மாசம்?"

"அஞ்சு."

"புள்ள பசிச்சா போவ வேண்டிதான். என் சம்சாரமுந்தான் குவாரில மரத்துல தூளி கட்டிக்கினு வேலை செஞ்சுது. மேஸ்திரி கைல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவும்." பிறகு ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அது போவட்டும் சார். இத்தினி பசங்களும் ஒரே மாரி பொய் சொல்லுதே, இத்த யாரு கத்துக் குட்த்தது?"

ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குமுதாவை அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "வூட்ல யாரும் இல்ல, இங்கியே இருக்கட்டும்" என்று அவளை இடத்தில் உட்கார வைத்தார். அவள் முதுகை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

6. பிறகு

எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். அப்ரூவல் ஒரு வருஷம் தள்ளிப்போனது. ஹெட்மாஸ்டர் அந்த ஒரு வருஷமும் என்னிடம் நேராகப் பேசாமல் பியூன் மூலமாகவே சொல்லி அனுப்பினார். ஆனால் பதினோரு மணிக்கு என் வகுப்பைப் பார்த்துக்கொள்ள பக்கத்து டீச்சரை அவரேதான் ஏற்பாடு செய்தார். மனிதர்களை ஒரே வார்த்தையில் எழுதிவிட முடிவதில்லை.

பெயர் எழுதும் வழக்கத்தை நிறுத்தினேன். அடிபட்டாலோ, பூச்சி கடித்தாலோ, யாராவது மயங்கி விழுந்தாலோ யாரையும் கேட்காமல் பக்கத்து வகுப்புக்கு ஓடலாம் என்று சொன்னேன். மறுநாள் ஒருவனை எறும்பு கடித்ததற்கு ஆறு பேர் ஓடினார்கள்.

அதிலிருந்து என் வகுப்பு சத்தமான வகுப்பு. "இன்னைக்கும் மார்க்கெட் கூடிடுச்சா டீச்சர்?" என்று தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். மத்தியானம் மூன்று மணிக்குத் தொண்டை கட்டிவிடும். யார் பென்சிலை யார் எடுத்தது என்ற வழக்கைத் தீர்ப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். மார்க்குகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் செய்வது சரியா, அல்லது பழைய குற்றத்துக்குப் பிள்ளைகளின் படிப்பை ஈடு கொடுக்கிறேனா என்று பல நாள் குழம்பியிருக்கிறேன். பொறுக்க முடியாத ஒரு நாள் "வாயில விரல்" என்று கத்திவிட்டேன். ஒரு நொடியில் அத்தனை பேரும் அடங்கினார்கள். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. வீட்டிலும் அப்படித்தான். என் மகள் ஏன், ஏன் என்று கேட்கும்போது சும்மா இரு என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. இரண்டு நிமிஷம் கழித்துக் கூப்பிட்டு, என்ன கேட்டாய் என்கிறேன். அதற்குள் அவள் மறந்திருப்பாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இதுதான். பிள்ளை பேசினால் என்ன பேசினாய் என்று கேளுங்கள். நேரம் ஆகும். பாடம் பின்தங்கும். ஹெட்மாஸ்டர் கேட்பார். அப்படியும் கேளுங்கள்.

குமுதா அந்த வருஷம் கிட்டத்தட்ட முழுவதும் என்னிடம் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், உட்காருவாள். நானும் வற்புறுத்தவில்லை. முழுப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது பலகையில் ஒரு கழித்தல் கணக்குப் போட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், அது தப்பு."

குமுதா எழுந்து நின்றிருந்தாள். நான் கணக்கைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கடன் வாங்கிக் கழிப்பதை அவள்தான் விட்டுவிட்டாள். சுகந்தி சிரித்தாள், இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். "எப்படித் தப்புன்னு வந்து சொல்லு" என்று சாக்பீஸை நீட்டினேன். வந்தாள். பலகையில் தன் கணக்கைப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். நான் சொன்னதை ஒத்துக்கொள்ளவில்லை. தட்டிக்கு அப்பாலிருந்து பக்கத்து டீச்சர் பிரம்பால் தட்டினார். பத்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் அவளே விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஆமா டீச்சர், நான் போட்டதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று முடிக்க வேண்டிய மூன்று கணக்குகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. பாடம் பின்தங்கியதற்காக நான் கவலைப்படாத நாள் அது ஒன்றுதான்.