பூ வைப்பதற்குள் முளைக்க வேண்டிய முடி

தோல் டாக்டர் ஐந்து நிமிஷம் பேசுவார். நோயாளிகள் வெளியே வந்ததும் அதையே என்னிடம் மறுபடி கேட்பார்கள். கிளினிக் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பூச்சி இல்லாத பூச்சிவெட்டு

தொண்டாமுத்தூரிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். மகள் சுகன்யா பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். பின்தலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடியே இல்லை. பூச்சிவெட்டு. எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குகிறது என்றார் டாக்டர். அம்மாவின் கவலை வேறு. அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்து நிச்சயம் செய்ய வருகிறார்கள். மாமியாராகப் போகிறவர் தன் கையால் தலையில் பூச்சூட்டுவார். பார்த்துவிட்டால் சம்பந்தம் நிலைக்குமா? என் மேஜையருகே குனிந்து கேட்டார்: "ஏனுங்க, பூச்சி போறதுக்குள்ள அவிய வந்துட்டா என்னங்க பண்றது?"

வெயில் வைத்தியம்

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு. இந்த நோய் உள்ள பலருக்கு அப்படித்தான் இருக்கிறது. அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, குறையை நிரப்புவோம் என்றார் டாக்டர். முடிக்குத் தனி மருந்து. வைட்டமினுக்கு வாரம் ஒரு பாக்கெட் பொடி, கொஞ்சம் வெயில்.

அடுத்த முறை சுகன்யாவின் பின்தலை கன்றிச் சிவந்திருந்தது. முழுக்கைச் சுடிதாரோடு மொட்டைமாடியில் உட்காரவைத்து, முடியை விலக்கி, அந்த இடத்துக்கு மட்டும் வெயில் காட்டியிருக்கிறார் அம்மா. கைகாலில் படவேண்டும் என்றேன். சுகன்யா சொன்னாள்: "கைகால் கறுத்தா அதுக்கும் இங்கதான் வரோணும்னு அம்மா சொல்லுதுங்க."

வாரம் ஒன்று

பூ வைக்கும் நாள் நெருங்கியது. பொடியைத் தினமும் கொடுக்கலாமா என்று போனில் கேட்டார் அம்மா. அளவு மீறினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து, கொடுக்கவே கூடாது என்று கொஞ்சம் கடுமையாகச் சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்: "உரம் மிஞ்சுனா தென்னை கருகும்னு எனக்குத் தெரியுமுங்க. புள்ள தலைன்னதும் மறந்துபோச்சு."

பூ வைத்த அன்று

முடி முளைக்கவில்லை. மல்லிகைச் சரத்தை அந்த இடத்தில் அடர்த்தியாகச் சுற்றி சுகன்யாவை உட்காரவைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் பூவை வைக்கச் சரத்தை விலக்கியதும் கை நின்றுவிட்டது. சுகன்யாவின் அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கொண்டை ஊசியைக் குத்தி, பூவைச் சரிசெய்து, தணிந்த குரலில் சொன்னாராம்: "எங்க பையனுக்குத் தாடில இதே பூச்சிவெட்டு இருக்குதுங்க. நாங்க மட்டும் சொன்னமா?"

முடி இன்னும் சரியாக முளைத்தபாடில்லை. சம்பந்திகள் இருவரும் ஒரே நாளில் டோக்கன் போட்டு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை இப்போது இரண்டு பேராக என்னிடம் மறுபடி கேட்கிறார்கள்.