கப்பலுக்குச் சத்தம் போகவில்லை

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மடிக்கணினித் திரையில் வந்த அந்த வரியை மூன்று முறை படித்தேன். முதன்முறையாக நேரலை செய்பவர்களுக்கு வசதி திறக்க இருபத்து நான்கு மணி நேரம் வரை ஆகலாம் என்று அந்த வீடியோ தளம் சொன்னது. ஞாயிறு காலை பத்து மணிக்கு என் மகளுக்கு ஞானஸ்நானம். இடையில் நாற்பத்திரண்டு மணி நேரம் இருக்கிறது, போதும் என்று கணக்குப் போட்டேன். பிறகு, எங்காவது ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பியிருந்தால் மறுபடி முதலிலிருந்து இருபத்து நான்கு மணி நேரமா என்று தோன்றி, நிரப்பியதையெல்லாம் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியும் மனம் அடங்கவில்லை.

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் பக்கம் மோட்டார்மேன். மகள் பிறந்தபோது கடலில் இருந்தார். ஞானஸ்நானத்துக்கு வந்துவிடுவேன் என்றார். அவருக்குப் பதிலாக ஏற வேண்டிய ஆள் வரவில்லை, தள்ளிவைத்தோம். அடுத்த முறை கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்பியது, மறுபடியும் தள்ளிவைத்தோம். இப்போது புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. எங்கள் பங்குக் கோவிலில் தவக்காலத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஈஸ்டர் வரை காத்திருந்தால் பாப்பாவுக்கு ஒரு வயது தாண்டிவிடும். "இந்த ஞாயிறுதாம்மா, இனிமே தள்ளாதே" என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு என் கணவர் அனுப்பிய குரல் பதிவை நான் பல முறை போட்டுக் கேட்டிருக்கிறேன். பின்னால் இன்ஜின் ஓசை ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும்.

"ரெகார்டு பண்ணி அனுப்பினா அப்பால பாத்துக்குவேன், அது எனக்கும் தெரியும். ஆனா ஃபாதர் கேள்வி கேக்கும்போது நீ மட்டும் தனியா நின்னு பதில் சொல்லக் கூடாது. நானும் அதே நேரத்துல சொல்லணும். எனக்கு அந்தக் கேள்வி காதுல விழணும், அவ்ளோதான்."

ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும். தீமையை விட்டுவிடுகிறீர்களா என்று மூன்று கேள்வி, விசுவசிக்கிறீர்களா என்று மூன்று கேள்வி. தகப்பன் இல்லாமல் தாய் மட்டும் சொன்னாலும் செல்லும். ஃபாதரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செல்லும் என்பது அவருக்குப் போதவில்லை.

வீடியோ அழைப்பைச் சோதித்துப் பார்த்தோம். இரண்டு முறையும் அவர் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது. கப்பலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்குக் கொஞ்சம் டேட்டாதான். ஒருவழியாக, சிறிய படமாக அனுப்பினால் நாற்பது நிமிடம் தாங்கும் என்று கணக்குப் பார்த்தோம். அப்படித்தான் ஒளிபரப்பு மென்பொருளைத் தரவிறக்கினேன்.

குழந்தை பிறக்கும் வரை நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தேன். ஏற்றுமதிக் காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஓர் எண் தப்பினால் ஒரு கன்டெய்னர் யார்டில் கிடந்து வெயிலில் காயும். கேட்ட கேள்விக்குக் கேட்டபடி உண்மையான பதில், அதுதான் அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இந்த மென்பொருளையும் அப்படித்தான் அணுகினேன். நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன்: கேமராவைச் சேர்ப்பது, மைக்கைச் சேர்ப்பது, தளம் கொடுக்கும் நீளமான ரகசிய எழுத்துத் தொடரை மென்பொருளில் ஒட்டுவது, படத்தின் அளவைக் குறைப்பது. இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைத்தேன். குழந்தை முகத்தை உலகத்துக்கே காட்ட எனக்குப் பயம். கடைசியாகத் தளம் ஒன்று கேட்டது: இது குழந்தைகளுக்கான வீடியோவா?

குழந்தையின் ஞானஸ்நானம். ஆம் என்று போட்டேன்.

சனிக்கிழமை என் நாத்தனார் காலடிப்பேட்டையிலிருந்து வந்துவிட்டார். அவர்தான் பாப்பாவுக்கு ஞானத்தாய். வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்திருப்பவர், எதையும் உரக்கத்தான் சொல்வார். வண்ணாரப்பேட்டையில் வாங்கிய வெள்ளை கவுனைக் கட்டிலில் விரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, பொட்டியத் தொறந்து வச்சிகினு காலைலேருந்து மொறச்சிகினே கீற? அதுவா பேசப் போவுது?"

"இன்னும் திறக்கலைக்கா. நாலு மணிக்குத் திறக்கணும்."

"சினிமா கொட்டாயா இது, நாலு மணி ஆட்டத்துக்குத் தொறக்க? மொதல்ல சோறு துன்னு. கொழந்தைக்குப் பால் குடுக்கிற ஒடம்பு."

நான்கு மணிக்குத் திறக்கவில்லை. நாலரைக்கும் திறக்கவில்லை. கல்மண்டபம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஹாரனுக்கும் பாப்பா தூக்கத்தில் உதறினாள். ஐந்து மணிக்குப் பக்கத்தைப் புதுப்பித்தபோது, தயார் என்று வந்தது. அவசரத்தில் நான் இரண்டு முறை தப்பான பொத்தானை அழுத்தியதை நாத்தனார் பார்த்துவிட்டார்.

"யம்மா, சுனாமி வந்தப்போகூட நான் இப்பிடிப் பதறல."

சோதனைக்காக ஒளிபரப்பைத் தொடங்கி, அதே கணினியில் திறந்து பார்த்தேன். படம் வந்தது. சில விநாடிகள் கழித்து என் குரலும் வந்தது. வந்த குரலை மைக் மறுபடி பிடித்தது, அது மறுபடி ஸ்பீக்கரில் வந்தது, ஒரே ஊளை. பாப்பா அலறிக்கொண்டு எழுந்தாள். மென்பொருளில் மைக்குக்குப் பக்கத்திலிருந்த சிறிய குறியை அழுத்திச் சத்தத்தை அடைத்தேன். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நோட்டில் "படம் சரி, ஒலி சரி" என்று டிக் போட்டேன். போட்ட டிக்கைப் பார்த்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிறு காலை கோவிலுக்கு ஒன்பது மணிக்கே போனோம். ஃபாதர் முன்பே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "கேமரா இருக்கட்டும். ஆனா கேமராவுக்காக எதுவும் நிக்கக் கூடாது." ஞானஸ்நானத் தொட்டிக்கு எதிரே, முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மடிக்கணினியை வைத்தேன். என் கைபேசிதான் இணைய இணைப்பு. அழைப்பு எதுவும் வந்து இணைப்பைக் கெடுத்துவிடக் கூடாதென்று எல்லா மணிகளையும் நிறுத்தி, கவிழ்த்து வைத்தேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இணைப்பை என் கணவருக்கு அனுப்பி, ஒளிபரப்பைத் தொடங்கினேன்.

பார்ப்பவர்கள்: ஒன்று.

அந்த ஒன்று அவர்தான். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஐந்தானது, ஒன்பதானது, பதினாலானது.

"அக்கா, இந்த லிங்கை யாருக்காவது அனுப்புனீங்களா?" நேற்று சோதனைக்காக நாத்தனார் கைபேசிக்கும் இதே இணைப்பை அனுப்பியிருந்தேன்.

"குடும்ப குரூப்புல போட்டேன். ஏன், நம்ம சனந்தான? மாமன், சித்தி எல்லாம் பாக்க வாணாவா?"

இனி அந்த எண்ணிலிருந்து என் கணவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று கண்டுபிடிக்க முடியாது. பரவாயில்லை, உரையாடல் பெட்டியில் ஏதாவது எழுதுவார் என்று பார்த்தேன். அங்கே பெட்டியே இல்லை. குழந்தைகளுக்கான வீடியோ என்பதால் உரையாடல் முடக்கப்பட்டுள்ளது என்று ஒரு சாம்பல் நிற வரி. நான் உண்மையாகச் சொன்ன பதில்தான் அதை அடைத்திருந்தது. அதை மாற்றப் போனால் ஒளிபரப்பு அறுந்துவிடுமோ என்று விரல் பின்வாங்கியது. அதற்குள் மணி அடித்தது, ஃபாதர் வந்துவிட்டார்.

பாப்பாவைக் கையில் ஏந்தி நின்றேன். பக்கத்தில் நாத்தனார். வாசகம் முடிந்தது, ஃபாதர் சிறிய மறையுரை என்று தொடங்கியது சிறியதாக இல்லை. நாற்பது நிமிடக் கணக்கு என் தலைக்குள் குறைந்துகொண்டே வந்தது. பிறகு அவர் புத்தகத்தைப் புரட்டி, எங்களைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்.

"விட்டுவிடுகிறேன்" என்றேன். நாத்தனாரும் சொன்னார்.

அப்போது என் கண் திரைக்குப் போனது. படத்துக்குக் கீழே ஒலியைக் காட்டும் பட்டை இருக்கும், பேசினால் பச்சையாக ஏறி இறங்கும். அது அசையவில்லை. ஃபாதர் குரல் கோவில் முழுக்க ஒலிபெருக்கியில் நிறைந்திருந்தது, பட்டை செத்துக் கிடந்தது. மைக் குறி சிவப்பாக இருந்தது. நேற்று நான் அடைத்தது.

இரண்டாவது கேள்வி வந்தது. என் வாய் தானாகப் பதில் சொன்னது. தொடக்கத்திலிருந்தே ஊமைப் படம்தான் போகிறது. அவர் அங்கே, வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, காதில் ஒன்றும் விழாமல் உட்கார்ந்திருக்கிறார். சடங்கை நிறுத்தலாமா? நிறுத்தினால் தப்பில்லையா? எதுவும் நிற்கக் கூடாது என்று சொன்னவர் முன்னால் நிற்கிறேன். பின்னால் பெஞ்சுகளில் முழு உறவு. முடிந்த பிறகு கணவருக்கு என்ன பதில் சொல்வேன்? மூன்றாவது கேள்விக்காக ஃபாதர் வாயைத் திறந்தார்.

"ஃபாதர், ஒரு நிமிஷம்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பாப்பாவோடு ஸ்டூலை நோக்கி நடந்தேன்.

"என்னம்மா?"

"சத்தம் போகலை, ஃபாதர்."

"எங்க போகலை?"

"கப்பலுக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு கையில் குழந்தை, மறு கையால் அந்தச் சிவப்புக் குறியை அழுத்தப் பார்க்கிறேன், சுட்டி நழுவி நழுவி ஓடுகிறது. நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பேஜாரு இது, கோயில்லகூட அந்தப் பொட்டியா? கொழந்தையக் குடு இங்க, கவுனு தரையெல்லாம் பெருக்கிகினு கீது!"

பச்சைப் பட்டை ஒரே பாய்ச்சலில் உச்சிக்கு ஏறியது.

திரும்பி வந்து நின்றேன். முகம் எரிந்தது. ஃபாதர் என்னைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். புத்தகத்தில் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். முதல் கேள்வியிலிருந்து தொடங்கினார், முன்பைவிட நிறுத்தி, கொஞ்சம் உரக்க. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும், நாங்கள் பதில் சொன்ன பின்னும், ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். ஆறு கேள்விகளும் முடிந்தன. பாப்பாவின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார்.

எல்லாம் முடிந்து கைபேசியைத் திருப்பியபோது பதினொரு செய்திகள் இருந்தன. மாமா, சித்தி, அண்ணன் மனைவி, எல்லாரும் எழுதியிருந்தது ஒன்றுதான்: சத்தம் வரலை. கணவரிடமிருந்து மட்டும் எதுவும் இல்லை.

பகல் விருந்தில் பிரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கைபேசியையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒருவேளை ஊமைப் படத்தைப் பார்த்துச் சலித்து முன்பே எழுந்து போயிருப்பாரோ. நான் ஃபாதரை நிறுத்தியது வெறும் அவமானத்துக்குத்தானோ. மாலை ஐந்து மணிக்கு அவர் குரல் பதிவு வந்தது. நாத்தனாரை அருகில் உட்காரவைத்துக்கொண்டு போட்டேன். தனியாகக் கேட்கத் துணிவில்லை.

"முதல்ல ஒன்னும் கேக்கல. ஹெட்போன் போச்சுன்னு நெனச்சி பக்கத்துல இருந்தவனோடத வாங்கி மாட்டினேன், அப்பவும் இல்ல. நீ பாட்டுக்கு கேமராகிட்ட வந்து முட்டிகினு நிக்கற, உன் மூக்கு மட்டும் தெரியுது. திடீர்னு காதுக்குள்ள அக்கா குரல், இன்னா பேஜாருன்னு. மெஸ்ல நாலு பேரு கூட இருந்தானுங்க, யாருடா அது கேப்டன்னு கேட்டானுங்க. அப்பால ஃபாதர் கேட்டாரு. ஆறுக்கும் சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். ஆறாவதுக்குச் சொல்லி முடிச்சேன், டேட்டா தீந்துபோச்சு. தண்ணி ஊத்தறதப் பாக்கல."

நாத்தனார் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா, என் கொரலு நடுக்கடல் வரைக்கும் போயிக்கீது."

ஃபாதரை மறுபடி கேள்வி கேட்க வைத்திராவிட்டால் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருப்பார். ஆனால் கேள்விகள் காதில் விழுந்திருக்காது. எதை இழந்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே கணினியைத் திறந்தேன். தளத்தில் பதிவாகியிருந்த ஒளிபரப்பிலிருந்து தண்ணீர் ஊற்றும் இடத்தை மட்டும் வெட்டினேன். நாற்பத்திரண்டு விநாடி வந்தது. நாளைய டேட்டாவில் அவருக்கு இறங்கட்டும் என்று அளவைச் சுருக்கி அனுப்பத் தொடங்கினேன்.

அதற்குள் எழுத்தில் ஒரு செய்தி வந்தது. குரல் பதிவைப் போலவே இதுவும் யாரிடமாவது கடன் வாங்கிய டேட்டாவாக இருக்கும்.

"தண்ணி பட்டதும் அழுதாளா?"

அழவில்லை, நாக்கை நீட்டிச் சுவைத்தாள் என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் ஒரு முறை படித்தேன். பிறகு எல்லா எழுத்தையும் அழித்துவிட்டு, "நாளைக்கு நீங்களே பாருங்க" என்று மட்டும் அனுப்பினேன்.