பீரோக்காரரின் சிஸ்டர்

ஊரில் பாதி வீட்டு மாடிப்படி அவருக்கு மனப்பாடம். முப்பது வருஷமாகப் பீரோவும் கட்டிலும் தூக்கியதில் பெயரே பீரோக்காரர் ஆகிவிட்டது. அத்தனை பேர் வீட்டுக்குள்ளும் புகுந்து வந்த மனுஷனுக்குச் சொந்த அறையில் ஒரு டம்ளருக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

அடிவயிற்றில் குடலிறக்கம் வந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். ஒழுங்காக ஆறியிருக்கும். இவர்தான் வீட்டுக்கு வந்ததும் சுமை தூக்கும் பெல்ட்டைக் காயத்தின் மேலேயே இறுக்கிக் கட்டினார். எழுந்திருக்கக் கைகொடுக்க ஆளில்லை, பெல்ட்டாவது தாங்கட்டுமே என்று. பத்தே நாளில் வேர்த்துப் புழுங்கிச் சீழ் கட்டிவிட்டது.

டாக்டர் ஒரு தையலைப் பிரித்துச் சீழை எடுத்தார். "வலை வரைக்கும் போகல, தப்பிச்சீங்க. போச்சுன்னா மறுபடியும் திறந்து வலையையே எடுக்கணும். மாத்திரையை நடுவுல விடாதீங்க. ரெண்டு வேளையும் கட்டு மாத்துங்க. அந்த பெல்ட்டைத் தலையைச் சுத்தித் தூர எறிங்க."

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நர்ஸ் காயத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கசிவு நிற்கவில்லை.

"வீட்டுல யாருண்ணே கட்டு மாத்தறாங்க?"

வலியில் பல்லைக் கடித்திருந்தவர் காதில் 'வீட்டுல' என்றது விழவில்லை. "சிஸ்டர்தான்" என்றார், எதிரில் நின்ற நர்ஸையே நினைத்து.

"அப்ப உங்க சிஸ்டருக்குச் சரியா தெரியல. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, சொல்லித் தர்றேன்."

திருத்தியிருக்கலாம், மனசு வரவில்லை. கூடப்பிறந்தவர் யாருமில்லாதவருக்கு ஒரே வார்த்தையில் தங்கச்சி கிடைத்துவிட்டாள். ஒருநாளாவது இருந்துவிட்டுப் போகட்டுமே! அன்று அறையைப் பெருக்கிக்கூட வைத்தார். வெட்கங்கெட்ட வேலைதான்.

மறுநாள் நர்ஸ் வாசலை எட்டிப் பார்த்தாள். "எங்கண்ணே, சிஸ்டர் வரலையா?"

பையைத் துழாவிச் சவரக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "இதுதாம்மா. தொப்பை மறைக்குது, இதுல பாத்துதான் மாத்தறேன். இடதும் வலதும் மாறிப் போயிடுது." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவள் அதைக் கையில் வாங்கினாள். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, கை கழுவுவது முதல் பிளாஸ்திரி ஒட்டுவது வரை அதற்குள் காட்டியே சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் கண்ணாடியிடம், "எங்கண்ணனை உன்னை நம்பித்தான் விடறேன்" என்றாள்.

ஒன்பதாம் நாள் கசிவு அறவே நின்றது. "வலைக்கு ஆபத்தில்லண்ணே. இனிமே நீங்க வரவே வேண்டாம்."

நல்ல செய்திதான். பீரோக்காரருக்கு அழுகை முட்டியது. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து மெள்ளப் போட்டார்.