தலையணைக் கேள்வி

லீலாதேவி மிஸியிடம் ஒரு கள்ளத்தனம் இருந்தது. நாடி பார்ப்பதுபோல் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வாள். கண்ணோ நெஞ்சின் ஏற்ற இறக்கத்திலேயே இருக்கும். மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் எவர்தான் ஒழுங்காக மூச்சுவிடுவார்? ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தாதியாக வந்து ஏழு வருஷம். அந்தக் குளிரில் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கிவிட்டுத்தான் முதுகில் வைப்பாள். வாயை மட்டும் சூடாக்கத் தேவையில்லை, அது எப்போதும் கொதிதான்.

எழுபத்தோராம் ஆண்டு, கொழுந்து பறிக்கும் கருப்பம்மா, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்திலிருந்து இருமலோடு வந்து படுத்தாள். பயிற்சியில் படித்த கேள்விகளை லீலாதேவி வரிசையாகக் கேட்டாள்.

"எத்தினை தலையணை வைச்சுப் படுக்கிறனீங்கள்?"

இதயம் தளர்ந்தவர்களுக்கு மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும். தலையணையை அடுக்கிக்கொண்டே போவார்கள். கேள்வியின் நோக்கம் அதுதான்.

"தலகாணியா? லயத்துல அதெல்லாம் ஏதுங்க மிஸி!" என்று கருப்பம்மா சிரித்தாள். லீலாதேவியும் சிரித்துவிட்டு, 'தலையணை இன்றிப் படுப்பவர்' என்று எழுதினாள். யானைக்கும் அடி சறுக்கும்.

வாரம் ஒருமுறை வரும் டொக்டர் சிற்றம்பலம் அதைப் படித்தார். கருப்பம்மாவை உட்காரவைத்து நெஞ்சைக் கேட்டார்.

"மட்டமாப் படுக்கிறா எண்டால் இதயத்தில பிழை இராது. சளிதான். நாளைக்கு அனுப்பிவிடுங்கோ."

மறுநாளே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகலாம் என்றதும் கருப்பம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அன்று மத்தியானம் லீலாதேவி வந்து பார்த்தால் கட்டில் காலி. கருப்பம்மா தரையில், சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்திருந்தாள். மிஸிக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன பிள்ளை இது? கட்டிலில முள்ளே கிடக்கு?"

"கோவிச்சுக்காதீங்க மிஸி. படுத்தா நெஞ்ச அடைக்குது. லயத்துலயும் ரெண்டு வருஷமா செவுத்துல சாஞ்சுதான் தூங்குறேன்."

"ஐயோ, இதை முதலிலயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க தலகாணியத்தானே கேட்டீங்க?"

கன்னத்தில் அறை வாங்கியது போலிருந்தது. ஏழு வருஷமாக இந்தச் சனத்தோடு இருந்தும் லயத்தில் எப்படித் தூங்குவார்கள் என்று ஒருநாள் கேட்டாளா? வெட்கமாக இருந்தது அவளுக்கு. கருப்பம்மாவை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள், சூடாக்க மறந்துபோயிற்று. இடது மார்பின் அடியில், தூரத்து ரயில் பாலத்தில் போவதுபோல் ஓர் உருளல். முதுகின் கீழே, காதோரம் தலைமயிரைத் தேய்த்தாற்போல் மெல்லிய நரநரப்பு. சளி இல்லை இது.

டொக்டரின் கார் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் மறித்தாள்.

"என்ர பிழை, டொக்டர். வந்து ஒருக்காக் கேளுங்கோ."

அவர் வந்தார். உட்காரவைத்தபோது காதுக்குச் சிக்காததை, சரிந்து படுத்த நிலையில் நெடுநேரம் கேட்டார்.

"வால்வு சுருங்கியிருக்கு. கூடையோட மலை ஏறியிருந்தால் ஆள் தப்பியிராது. நல்லகாலம், மறிச்சீங்கள்."

அன்றே தோட்டத்து லொறியில் பதுளைக்கும், பிறகு கொழும்புக்கும் கருப்பம்மா போனாள். அங்கே வால்வை விரித்துவிட்டார்கள். இங்கே லீலாதேவி தலையணைக் கேள்வியைத் தூக்கி எறிந்தாள். "எப்பிடித் தூங்குவீங்கள்? செய்து காட்டுங்கோ" என்பாள். கிழவர்கள் வெட்கப்பட்டால் ஏச்சு விழும்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு கட்டு போஞ்சிக்காயோடு கருப்பம்மா வந்து நின்றாள்.

"அந்தக் கட்டில்ல செத்த நேரம் படுத்துக்கவா மிஸி?"

"ஏன், என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலீங்க. படுத்துக் காட்டத்தான்!"

தலையணையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மட்டமாக மல்லாந்து படுத்தாள். மேட்டில் ஏறிவந்த அசதி, பேசிக்கொண்டே தூங்கிப்போனாள். லீலாதேவி மெல்ல அவள் கையைப் பிடித்தாள். நிமிஷத்துக்குப் பதினாறு மூச்சு. அது போதும்தான், ஆனாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.

"பொறுங்கோ, நாடி பாக்கிறன்" என்று பொய் சொன்னாள்.