மதிவதனா கையை விட்ட பொழுது

திருகோணமலைப் பாலையூற்றில் காலையில் பள்ளிக்கூட வான் வண்டிக்குப் பின்னால் ஒரு பழைய சிவப்பு ஸ்கூட்டி போனால், அதில் இருப்பது மதிவதனா என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். வானுக்குள் அவளுடைய மகள் ஜதுசா இருப்பாள். வான்காரரில் நம்பிக்கை இல்லாமல் இல்லை, நல்ல மனிதர்தான். ஆனாலும் பிள்ளை பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்து, முதுகுப்பை கண்ணுக்கு மறையும்வரை அவளுக்கு மூச்சுச் சீராக வராது. அதன் பிறகுதான் வீட்டுக்குத் திரும்பி தையல் மெசினுக்கு முன்னால் இருப்பாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போடும் வெள்ளைச் சட்டைகளில் பாதி அவள் தைத்தவை.

"கலியாணம் கட்டி எத்தினை வருசத்துக்குப் பிறகு கிடைச்ச பிள்ளை. பயம் இருக்கத்தானே செய்யும்" என்று அயலவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி அவளுடைய ஊரான கட்டைபறிச்சானிலிருந்து அவளோடு கூட வந்தது.

சண்டை மூண்டு ஊரே வெளிக்கிட்ட வருடம் அவள் குமர்ப்பெண். தாயும் தகப்பனும் மூட்டைகளோடு முன்னால் போக, சின்னப் பெடியனான தம்பி ரஞ்சனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். வெருகல் ஆற்றங்கரையில் சனம் நெருக்கியடித்தது. பின்னாலிருந்து யாரோ தள்ள அவள் முழங்காலில் விழுந்தாள். எழும்பியபோது தம்பியின் கை அவளுடைய கையில் இல்லை. மாதக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் மட்டக்களப்பில் ஒரு முகாமில், மொட்டைத் தலையோடு, கொஞ்சம் கொழுத்துக்கூட இருந்தான் அவன்.

இப்போது ரஞ்சன் மூதூரில் பஸ் ஓட்டுகிறான். தொப்பையும் வைத்துவிட்டான். முகாமில் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா தன்னை மடியில் வைத்து வளர்த்த கதையை அவனே சிரிக்கச் சிரிக்கச் சொல்வான். அந்தக் கதை தொடங்கினால் மதிவதனா எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவாள். தம்பி கிடைத்துவிட்டான் என்று அவளுடைய புத்திக்குத் தெரியும். கைக்குத்தான் அது இன்னும் விளங்கவில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் கப்பலில் ஏற்றப் பார்த்தாள் ஞானமணி. கணவன் நிசாந்துக்கு அக்கா, மதிவதனாவுக்கு மச்சாள், கனடாவில் இருப்பவள். சென்னையிலிருந்து வரும் உல்லாசக் கப்பல் ஒன்று திருகோணமலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, தெற்கே அம்பாந்தோட்டைவரை போய் மறுபடி இங்கேயே கொண்டுவந்து இறக்குமாம்.

"பிள்ளையளோட போற குடும்பங்களுக்கெண்டே விட்ட கப்பல், மதி. நான் எல்லாருக்கும் ரிக்கற் போட்டிட்டன்" என்றாள் ஞானமணி போனில்.

மதிவதனா தப்ப வழி பார்த்தாள். "அப்ப எல்லாம் பிள்ளையளுக்குத்தானே இருக்கும் மச்சாள். பெரியாக்களுக்கு அங்க என்ன கிடக்கு? நீங்கள் பிள்ளையையும் உங்கட தம்பியையும் கூட்டிக்கொண்டு..." என்று தொடங்கியவள், பிள்ளையைத் தனியே அனுப்புவதாகத் தன் வாயே சொல்லிவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்தாள்.

"விசரி! பெரியாக்கள் பிள்ளையளைக் கொஞ்ச நேரம் மறந்துபோட்டு இருக்கத்தான் அந்தக் கப்பலே" என்றாள் ஞானமணி.

கடலும் ஆழமும் காற்றும் மதிவதனாவுக்கு இவ்வளவு பயத்தைத் தரவில்லை. அந்த ஒரு வசனம் தந்தது.

கப்பலில் ஏறிய அன்றே ஒத்திகை வைத்தார்கள். சங்கு ஊதியதும் எல்லோரும் மிதவை அங்கியை மாட்டிக்கொண்டு மேல்தட்டுக்கு வரவேண்டும். ஒத்திகை என்று ஒலிபெருக்கியில் சொன்னது ஆங்கிலத்தில். மதிவதனாவுக்குச் சங்கு மட்டும்தான் விளங்கியது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிகளில் ஓடியவள், மேலே சனங்கள் சிரித்துக்கொண்டு படம் எடுப்பதைக் கண்டுதான் நின்றாள். துறைமுக வாய் கடந்து கோணேசர் மலை பின்னால் ஒதுங்கும்போது எல்லோரும் கைகாட்டினார்கள். அவள் மட்டும் ஜதுசாவின் சட்டைக் கொலரைப் பிடித்தபடி கம்பி வேலியின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தாள். பிள்ளையின் தலை அதற்குள்ளால் போகாது. உடம்பைச் சரித்தால்?

இரவுச் சாப்பாட்டுக்கும் பிள்ளையின் மிதவை அங்கியைக் கழற்றவிடவில்லை.

"அம்மா, எல்லாரும் பாக்கினம்" என்று ஜதுசா கெஞ்சினாள்.

"பாக்கட்டும். நீ சாப்பிடு."

அடுத்த நாள் அதைவிடப் பெரிய சோதனை வந்தது. கப்பலில் பிள்ளைகளுக்கென்று ஒரு பெரிய கூடம் இருந்தது. சறுக்கி விளையாடலாம், நிறம் தீட்டலாம், பாடலாம். வாசலில் நின்ற இளம்பெண் ஜதுசாவின் மணிக்கட்டில் நீலப் பட்டி ஒன்றைக் கட்டி, பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்று சைகை காட்டினாள். ஜதுசா திரும்பியும் பாராமல் உள்ளே ஓடினாள். மதிவதனா கதவோரம் கம்பளத்தில் இருந்துவிட்டாள். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதற்குள்ளால் பிள்ளையின் மஞ்சள் ரிப்பன் தெரிந்தது. ரிப்பன் அசைய அசைய அவளுடைய கண்ணும் அசைந்தது.

நிசாந் வந்து பார்த்தான். ஊரில் மின்சார வேலைக்கு ஓடித் திரிபவன். நீச்சல் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்து முகம் சிவந்திருந்தது.

"மதி, நான் இப்பிடிச் சாய்ஞ்சு கிடந்து எத்தினை வருசம் தெரியுமே? நீயும் வாவன்."

"எனக்கு ஏலாது. நீங்கள் போங்கோ."

"பிள்ளையைத் தின்னவே போயினம்?"

அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் போனான். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் அன்னாசித் துண்டுகளோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் கம்பளத்திலேயே இருந்தான். போகிற வருகிற ஆட்கள் இருவரையும் விலத்திக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் ஞானமணி வந்தாள். தம்பியை எழுப்பி அனுப்பிவிட்டு அவளே அந்த இடத்தில் இருந்தாள்.

"உனக்கொண்டு சொல்லட்டே? என்ர பெடியங்கள் சின்னனா இருக்கேக்க நான் பகலும் இரவும் வேலை. அவங்கள் எப்ப நடந்தவங்கள், எப்ப பல்லு விழுந்தது, ஒண்டும் தெரியாது. இப்ப கூப்பிட்டாலும் வரமாட்டாங்கள். ஜதுசாவுக்கெண்டு சொல்லித்தான் ரிக்கற் போட்டனான். உண்மையில எனக்காகத்தான் போட்டது. ஒரு தேத்தண்ணியாவது என்னோட வந்து குடி."

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. மதிவதனா கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். ரிப்பன் அசைந்துகொண்டிருந்தது. எழும்பினாள்.

மேல்தட்டில் நல்ல காற்று. இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டு இருந்தார்கள். கடல் பச்சையாகவும் நீலமாகவும் மாறி மாறிக் கிடந்தது. ஞானமணி கனடாவில் முதல்முதல் பனியில் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னாள். விழுந்தவள் எழும்ப மாட்டாமல் மல்லாந்து கிடக்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தன் நாயோடு வந்து அவளையும் நாயையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போனதை நடித்தே காட்டினாள். மதிவதனா சிரித்தாள். தேநீர் மூக்குக்குள் ஏறும்வரை சிரித்தாள். இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று நினைத்த அந்தக் கணத்தில்தான் நெஞ்சு திக்கென்றது. பிள்ளை. பிள்ளையை அவள் மறந்திருந்தாள்.

கோப்பையை வைத்தாளா போட்டாளா தெரியாது. படிகளில் இறங்கினாள். பிள்ளைகளின் கூடத்துக் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். விளக்கு அணைந்து கிடந்தது. உள்ளே ஒரு குஞ்சும் இல்லை.

கதவைத் தட்டினாள், குத்தினாள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவன் வந்து வேறு பாஷையில் ஏதோ சொன்னான். கையை எங்கோ நீட்டினான். அவன் கை நீட்டிய பக்கம் ஓடினாள். எல்லா நடைபாதைகளும் ஒரேமாதிரி, எல்லாக் கதவுகளும் ஒரேமாதிரி. ஓடி வந்த வழிக்கே மறுபடி வந்தாள். நீச்சல் தொட்டிக்கு ஓடினாள். தண்ணீருக்குள் யாருடைய பிள்ளையோ மூழ்கி எழும்ப, அவளும் மூழ்கி எழும்பினதுபோல மூச்சு முட்டியது. கம்பி வேலியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். நுரைதான் தெரிந்தது. கரைப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், வெருகல் ஆறு கடலில் விழுகிறது என்று அவளுக்குத் தெரியும். வலக்கை தானாகவே மூடித் திறந்தது. "தம்பி" என்று வாய் சொன்னது. "பிள்ளை" என்று சொல்லத்தான் நினைத்தாள்.

எங்கிருந்தோ கைதட்டல் கேட்டது. சத்தம் வந்த பக்கம் ஓடி ஒரு கனத்த கதவைத் தள்ளினாள். உள்ளே பெரிய அரங்கு. இருட்டுக்குள் நூற்றுக்கணக்கான தலைகள். மேடையில் மட்டும் வெளிச்சம். வெளிச்சத்தின் நடுவே ஒரு சிவப்புப் பெட்டி, கறுப்புக் கோட்டுப் போட்ட மந்திரக்காரர், அவர் கையைப் பிடித்தபடி மஞ்சள் ரிப்பன்.

உயிர் திரும்பி வந்தது. ஆனால் தரிக்கவில்லை. ஜதுசா சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் ஏறினாள். அவர் மூடினார், தட்டினார், கதவைத் திறந்தார்.

பெட்டி வெறுமையாக இருந்தது.

அரங்கே எழும்பிக் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள்ளால் மதிவதனா ஓடினாள். மேடைப் படி எங்கே என்று தேடவில்லை. கைகளை ஊன்றி ஏறினாள், சேலை கிழிந்தது. பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் துழாவினாள்.

"என்ர பிள்ளை எங்க? பிள்ளையை எங்க கொண்டுபோனீங்கள்?"

சனம் சிரித்தது. அதுவும் விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் அலற அலற அவர்கள் சிரித்தார்கள். கனவில்கூட இப்படி ஒரு பயம் அவளுக்கு வந்ததில்லை.

மந்திரக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கீழக்கரைக்காரர், பெயர் அபூதாஹிர். அவளுடைய முகத்தை ஒருதரம் பார்த்தார். கையை உயர்த்தி மேடை இசையை நிறுத்தச் சொன்னார். பிறகு தன் தொழிலில் எவனும் செய்யாத காரியத்தைச் செய்தார். அத்தனை பேருக்கும் முன்னால் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினார். அதற்குக் கீழே முழங்காலை மடக்கிக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கியபடி ஜதுசா சுருண்டு கிடந்தாள்.

"இதோ இருக்காங்கம்மா. எங்கேயும் போகலை" என்றார் மெதுவாக.

மதிவதனா பிள்ளையை வாரி எடுத்தாள். ஜதுசாவின் சிரிப்பு அழுகையாக மாறியது.

"எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்கள் அம்மா! நான்தான் மறையிறதெண்டு என்னைத்தான் தெரிஞ்செடுத்தவர்!"

அன்று இரவு முழுக்கப் பிள்ளை தாயோடு கதைக்கவில்லை. தகப்பனுடைய பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள், தகப்பனுடைய பக்கம் திரும்பிப் படுத்தாள். கையெட்டும் தூரத்தில் பிள்ளை இருந்தும் மதிவதனாவுக்கு அது தொலைந்ததுபோலவே இருந்தது. ஞானமணி தன்னால்தான் எல்லாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசைக்கு அபூதாஹிர் வந்தார். கோட்டில்லாமல் பார்க்கச் சாதாரண மனிதராக, கொஞ்சம் களைத்தவராக இருந்தார். மதிவதனா எழும்பி நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. உங்கட வேலையையும் கெடுத்துப்போட்டன்" என்றாள்.

"உக்காருங்கம்மா. எனக்கும் மூணு பொண்ணுங்க. கூடத்துப் பிள்ளைங்களை எல்லாம் ஷோ பாக்கக் கூட்டிட்டு வந்தாங்க. அம்மாவைக் கேக்காம பிள்ளையை மேடையேத்தினது என் தப்புதான்." கொஞ்சம் தயங்கினார். "சாயங்காலம் கடைசி ஷோ இருக்கு. நீங்க சரின்னு சொன்னா, பாப்பாவை வச்சே செய்யலாம்னு இருக்கேன். வேண்டாம்னா விட்டுடலாம்."

ஜதுசா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. அந்த நின்ற வாயைப் பார்த்துத்தான் மதிவதனா சொன்னாள்.

"ஓம். செய்யட்டும்."

பின்னேரம் முன்வரிசையில் அவளை இருத்தினார்கள். ஒரு பக்கம் நிசாந், மறுபக்கம் ஞானமணி. பெட்டிக்கு அடித்தட்டு உண்டென்று அவளுக்குத் தெரியும். பிள்ளை அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கும் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்தும், வெறும் பெட்டியைத் திறந்து காட்டியபோது அவள் கதிரை நுனிக்கு வந்துவிட்டாள். ஆற்றங்கரைச் சனம், தள்ளியவனின் முழங்கை, எழும்பிப் பார்த்தபோது கண்ட வெறுங்கை எல்லாம் அந்தச் சிவப்புப் பெட்டிக்குள் இருந்தன. நிசாந்தின் கையை நெரித்தாள். அவன் வாய்விட்டே "ஆ" என்றான். அவள் எழும்பவில்லை. கதிரையோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள்.

மூடித் திறந்தபோது ஜதுசா நின்றாள். சனம் ஆரவாரித்தது. பிள்ளை சனத்தைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்தது. தாய் இருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்து, மந்திரக்காரர் சொல்லிக் கொடுத்தபடி குனிந்து வணங்கியது. மதிவதனா கைதட்டப் பார்த்தாள். அதற்கு முதலில் நிசாந்தின் கையை விடவேண்டியிருந்தது.

ஊர் திரும்பி ஒரு கிழமை கழித்து, மகனுடைய சட்டைக்கு அளவு கொடுக்க வந்த அசனா கப்பல் கதையைக் கிளப்பினாள். அவளுடைய கணவன் ஸஹாப்தீனுக்கும் அந்தக் கப்பலில் பிள்ளைகளோடு போக ஆசையாம்.

"புள்ளையளுக்குச் சந்தோசமா இரிக்கும், அது தெரியும். நம்மளைப்போல பெரியாக்களுக்கு எப்பிடி மதி?"

மதிவதனா மெசினை நிறுத்தினாள். நாலு பேருக்குச் சொல்வதுபோல "நல்லம்" என்று சொல்லிவிட்டிருக்கலாம்.

"உண்மையைச் சொன்னா, நான் முழுக்கப் பயந்துகொண்டுதான் இருந்தனான். ஒரே ஒரு தேத்தண்ணி நேரம் சந்தோசமா இருந்தன். வயிறு நோகச் சிரிச்சனான். அதுக்குப் பிறகு உயிர் போய் வந்தது."

"அப்ப போக வேணாம் எண்டுறீங்களா?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது அசனா. மச்சாள் அடுத்த வருசமும் வாறாவாம். ஜதுசா போவம் எண்டு சொல்லிப்போட்டாள்."

"நீங்க?"

மதிவதனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நானும் போவன். பயந்து பயந்துதான் போவன்."