பெயிண்ட் அடிக்காத சைக்கிள்

ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் நிறமே இல்லாத சைக்கிள் என்னுடையது ஒன்றுதான். அதற்குக் கிளிப்பச்சை அடிப்பதாகத்தான் முதலில் பேச்சு.

ஆறாம் வகுப்புக்கு நான் தூரத்துப் பள்ளிக்கூடம் போகவேண்டியிருந்தது. பெரியப்பா மகன் ஓட்டித் தேய்ந்த சைக்கிள் எனக்கென்று வந்து சேர்ந்தது. பெயிண்ட் பாதி உரிந்திருந்தது, மீதியைத் துரு பார்த்துக்கொண்டது. அம்மாவின் தம்பி, என் மாமா, கும்மிடிப்பூண்டியில் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபிரேமை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறினார். அது திரும்பி வந்தபோது ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. உரித்த வெங்காயம் மாதிரி பளபளத்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் நைனா பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் குச்சியை விட்டுக் கலக்கத் தொடங்கியதுதான் தாமதம், உள்ளே தாளித்துக்கொண்டிருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். நைனா தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்தவர் முகத்தில் கவலையைக் காணோம். ஒரு அசட்டுச் சிரிப்புத்தான் இருந்தது.

“இந்த வாசன அம்மாவுக்கு ஒத்துக்கலடி. பெயிண்டு வேணாம், உடு.”

“போன வருசம் கதவுக்கு அடிச்சப்போ மட்டும் ஒத்துக்கிச்சா?”

நைனா டப்பாவை அழுத்தி மூடினார். டப்பா தெருக்கோடி வீட்டுக்குப் போனது. அவர்கள் மறுநாளே அதைக் கோழிக்கூண்டுக்கு அடித்தார்கள். எனக்கு வரவேண்டிய நிறத்தில் கோழிகள் குடியிருந்தன.

நான் அம்மாவோடு பேச்சை நிறுத்தினேன். கொஞ்ச நாளாகவே அவளுக்கு எந்த வாசனையும் ஆகவில்லை. கருவாடு ஆகவில்லை, ஷிப்டு முடிந்து வரும் நைனாவின் சட்டை ஆகவில்லை. அந்த வரிசையில் என் கிளிப்பச்சையையும் வேண்டுமென்றே சேர்த்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வெறும் இரும்பு எங்கள் ஊர் உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்? ஒரே ராத்திரியில் ஃபிரேம் முழுக்கச் செம்பொடி பூத்துவிட்டது. நைனா உப்புத்தாளால் தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூசினார். லாரிகள் கிளப்பும் புழுதியெல்லாம் அதில் ஒட்டி, சாயங்காலத்துக்குள் அது கம்பளிப்பூச்சி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மாமா ஒரு மஞ்சள் பையோடு வந்தார். மாதா சிலை நிற்கும் குகை மாடமான கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கோயிலில் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

“பட்டறையில சும்மா கெடக்குற இரும்புக்கு இத்ததான் தேச்சு உடுவோம். வாசனயும் வராது, துருவும் ஏறாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா தேச்சிக்கினே இருக்கணும், அவ்ளோதான்,” என்றார்.

ஃபிரேமை மறுபடி துருப் போகத் தேய்த்து, உச்சி வெயிலில் தகரத்தின்மேல் கிடத்தினார். கை வைக்க முடியாதபடி சுட்டதும் மெழுகைத் தேய்த்தார். அது உருகி, கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படர்ந்தது. பிறகு நிழலில் ஆறவைத்துப் பழைய லுங்கித் துணியால் அழுத்தித் துடைக்கத் தொடங்கினோம். அம்மாவும் வந்து உட்கார்ந்து ஒரு துணியை எடுத்தாள்.

நைனா அதைப் பிடுங்கினார். “நீ உள்ள போய்ப் படு. உனக்கு இன்னா வேல இங்க?”

“எம்பொண்ணு சைக்கிளு. நான்தான கெடுத்தேன்,” என்று அவள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “என்னாண்ட பேசவே மாட்டியாடி?”

“பச்சையா இருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“இதுவும் நல்லாத்தான் இருக்குது. அப்பத்தான் புடிச்ச மீனு மாரி.”

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்ல மனம் வராமல், அவளை ஒட்டி உட்கார்ந்து துடைத்தேன்.

சாயங்காலம் மாமா சக்கரங்களை மாட்டி, கடைசியாகப் பையிலிருந்து ஒரு குட்டிச் சீட்டை எடுத்தார். மெத்தை வைத்து, பிடித்துக்கொள்ளச் சின்னக் கம்பியும் வைத்தது. அதை முன்பக்கப் பாரில் முடுக்கினார்.

“இதுல யாரு உக்கார்றது? எனக்குப் பத்தாது,” என்றேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். “அது பாட்டுக்கு இருக்கட்டும்,” என்றார் நைனா.

பள்ளிக்கூடம் திறந்ததும் அதில் என் பையை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனேன். பெண்கள் சுற்றி நின்று இது என்ன கலர் என்று கேட்டார்கள். இரும்புக் கலர் என்றேன். ஆளுக்கொருமுறை தடவிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு புத்தகப்பைக்கு எதற்கு மெத்தையும் கைப்பிடியும் என்பது மட்டும் விளங்கவில்லை.