பிறைக் கணக்கு

மேலப்பாளையத்துக்கு வந்த பதினெட்டாம் நாள் என் கணவர் பேதியில் மௌத்தானார். கல்யாணமாகி ஒரு வருஷம் கொழும்பில்தான் இருந்தோம். நான் பிறந்ததும் அங்கேதான். என்னைத் தம் உம்மாவுக்குக் காட்டி, ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகப் பேச்சு. பெட்டியைக்கூட நான் முழுதாகப் பிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வளையலைக் கழற்றி, வெள்ளை உடுத்தி, பின்கட்டு அறையில் என்னை இத்தாவில் இருத்தினார்கள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது.

கொழும்பில் எங்கள் தெருவிலும் இத்தா இருந்த பெண்கள் உண்டு. அவர்கள் தங்கள் ஊரில் இருந்தார்கள். நான் இருக்கிற ஊர் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ரயிலடியிலிருந்து திரை போட்ட வண்டியில் வந்தேன். ஆற்றுப் பாலத்தில் அவர் திரையை விலக்கி, "தாமிரபரணி, பாத்துக்கோ" என்றார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் எதிரே ஆட்கள் வந்துவிட்டார்கள். திரையை விட்டுவிட்டார்.

விடிகாலையில் சுபுஹு தொழுகை முடிந்ததும் தெருவெல்லாம் தறிச் சத்தம் தொடங்கும். அது நின்றால் மத்தியானம். அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் கிணற்றைப் பார்த்து. கிணற்று நீர் புழங்க, ஆற்று நீர் குடிக்க. அந்த ஆற்று நீர்தான் அவரைக் கொன்றது என்று நினைத்து நான் பல நாள் யாருக்கும் தெரியாமல் உப்புக் கிணற்று நீரையே குடித்தேன். வயிற்று வலி வந்தபோது மாமி கண்டுபிடித்துவிட்டார். மாமி என்றால் அவருடைய உம்மா. ஒன்றும் கேட்காமல் ஆற்று நீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, பாதியைத் தான் குடித்து, மீதியை என்னிடம் நீட்டினார். "நான் செத்தா நீயும் சாவு. குடி" என்றார்.

வயிற்றில் பிள்ளை இல்லை என்று தெரிந்த அன்று மாமி சோறு தின்னவில்லை. நான் அழுதேன். ஆனால் பிள்ளை இருந்தால் பெறும்வரை இத்தா நீளும், பெற்ற பிறகு இந்த வீட்டைவிட்டு நான் அசைய முடியாது. அழுதுகொண்டே அதையும் நினைத்தேன்.

வீட்டில் இன்னொரு ஆள், என் கணவரின் தம்பி. உள்ளே வருமுன் நான் விலகிக்கொள்ள வேண்டும் என்று முற்றத்தில் நின்று இருமுவார். அப்படியே என் கணவரின் இருமல். முதல் தடவை கேட்டபோது எழுந்து கதவுவரை போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் வருவார். ஒரு நாள் வெற்றிலையை மென்றுகொண்டே, "இந்த வீட்டுல கல்யாண வயசுல ஒரு பய இருக்கான். அவனுக்குப் பொண்ணு தேடி எங்கயும் அலைய வேண்டாம்னு நான் சொல்லலை" என்றார்.

"பின்ன இப்ப என்ன சொன்ன?" என்று மாமி கேட்டார்.

"இத்தால இருக்க புள்ளட்ட கல்யாணப் பேச்சு பேசப்படாது. அதனாலதான் சொல்லலைன்னு சொல்லுதேன்."

மாமி சிரித்துவிட்டார். மகன் போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அன்றே கொழும்பில் இருக்கும் என் அண்ணனுக்கு, நாங்கள் நானா என்போம், கடிதம் எழுதினேன். பள்ளிக்கூடம் போனதில்லை. ஓதப் போன இடத்தில் தமிழை அரபு எழுத்தில் எழுதக் கற்றிருந்தேன். இத்தா முடிகிற நாளில் வந்து நில்லுங்கள், என்னைக் கூட்டிப் போங்கள் என்று எழுதினேன். மேல்விலாசம் எழுதித் தபாலில் சேர்த்தது என் கணவரின் தம்பிதான். பிரித்துப் பார்க்கவில்லை.

நாள் குறித்ததில்தான் தப்பு செய்தேன். நானாவின் கடையிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் காலண்டர் பெட்டியில் இருந்தது. அதைப் பார்த்து நாலு மாதமும் பத்து நாளும் எண்ணி எழுதிவிட்டேன். மாதம் என்றால் மாதம்தானே என்று நினைத்தேன். மாமியோ ஒவ்வொரு மாதமும் மொட்டை மாடியில் ஏறிப் பிறை பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் வெந்நீர்ப் பானையை அடுப்பில் ஏற்றி, "எந்திரிளா, குளி. இன்னையோட முடிஞ்சிட்டு" என்றார். என் காலண்டரில் இன்னும் நாலு நாள் இருந்தது.

மறுநாளே லெப்பை வந்துவிட்டார், பள்ளிவாசலில் நிக்காஹ் நடத்தி வைப்பவர். மாமியின் எண்ணம் எனக்குப் புரிந்தது. இத்தா முடிந்தால் நானா வருவார் என்று அவருக்கும் தெரியும். வரும்போது முடிவான காரியமாக இருக்க வேண்டும். நான் ஒரு தடவை சரி என்றுவிட்டால் நானா வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகக் கப்பல் ஏறிவிடுவார். அவருக்கும் கட்டிக்கொடுக்க மூன்று பெண்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று லெப்பை மூன்று தடவை சம்மதம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். பேசாமல் நின்றேன்.

"வெக்கப்படுதா. பேசாம இருக்கதே சம்மதந்தான?" என்றார் மாமி.

"அது கொமருக்கு. இது ஒரு தடவ கட்டுன புள்ள, வாயத் தொறந்து சொல்லணும். பைய கேளுங்க. நான் எங்கயும் ஓடிப் போவல" என்று லெப்பை செருப்பை மாட்டினார்.

முன்கட்டில் தம்பியின் குரல் கேட்டது. "உம்மா, மைனிய ஏன் நெருக்குத?"

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வெளியே போகலாம் என்றான பிறகும் நான் அந்த அறையைவிட்டு வரவில்லை. வந்தால் யாராவது கேட்பார்கள், வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று பயம். இரண்டாம் நாள் மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாளும் வந்தார்.

"நீயும் போயிட்டன்னா அவனப் பத்தி நான் யார்ட்டளா பேசுவேன்? அங்கன அவன் என்ன தின்னான், எப்படித் தூங்குனான்னு உனக்குத்தான தெரியும்" என்றார்.

சரி மாமி என்பது தொண்டைவரை வந்துவிட்டது. அப்போது முற்றத்தில் இருமல் கேட்டது. ஆயுசு பூராவும் அந்த இருமலைக் கேட்டுக் கதவைத் திறந்து, வேறு முகத்தைப் பார்க்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் முன்கட்டில் நானாவின் குரல் கேட்டது. மாமி எனக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். என்னிடம் வந்து சொல்லவில்லை. நான் அடுப்படிக்குப் போனபோது உலையில் இன்னொரு படி அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமி, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நான் போறேன்."

"அண்ணன் வந்ததும் வாய் வந்துட்டு, என்ன?" என்றார், திரும்பாமலே.

நான் நின்றேன். அவர் அகப்பையால் உலையைக் கிண்டினார். வெகுநேரம் கிண்டினார்.

"இந்த வெயில்ல எங்க போவிய ரெண்டு பேரும். தின்னுட்டுப் போங்க. அந்த உள்ளிய எடுத்து உரி."

உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கொழும்பில் அவர் மகன் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே ரொட்டி தின்பார் என்று சொன்னேன்.

"இங்கன இருக்கையில தொட மாட்டானே" என்றார் மாமி. "எத்தன ரொட்டி தின்பான்?"